மழைக்காரர் முகாய்

கனசாவா நிலையத்திலிருந்து ஆறேகாலுக்குப் புறப்படும் உள்ளூர் வண்டி நகர்வதற்கு முன்பே முகாய் தன் சாப்பாட்டுப் பெட்டியில் பாதியைக் காலி செய்துவிடுவார். "வண்டி கெளம்பிட்டா ஜன்னல்ல பார்க்கணும். ரெண்டையும் ஒண்ணா செஞ்சா ரெண்டும் ருசிக்காது" என்பார்.

திங்கட்கிழமை அவருடைய முடிதிருத்தும் கடைக்கு விடுமுறை. ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய எந்த ஊரையும் முப்பது ஆண்டுகளில் அவர் விட்டுவைக்கவில்லை. புகைப்படம் எடுப்பதில்லை, ஊர்களை நாக்கில்தான் சேமித்து வைத்திருக்கிறார். தக்காயாமாவா? "மிசோன்னு சோயா விழுது, அத எல மேல வச்சு சுட்டுத் தருவான், அதுக்காகவே போகலாம்." ஹிமியா? "குளிர்காலத்து மீனு. தொட்டுக்கிற சாஸ்ல கொழுப்பு மெதக்கும்." இதையெல்லாம் வாடிக்கையாளரின் தொண்டைக்குழியில் சவரக்கத்தி இருக்கும்போதுதான் சொல்வார். மறுத்துப் பேச ஆளிருக்காது.

ஒரே ஒரு குறை. முகாய் மழைக்காரர். சிலர் போகுமிடமெல்லாம் மழையும் கூடவே போகும் என்பதில் கடைத்தெருவில் யாருக்கும் சந்தேகமில்லை. வாணவேடிக்கை பார்க்கப் போனார், ரத்தானது. தொத்தோரி மணற்குன்றுகளுக்குப் போனார், சவாரி ஒட்டகம் நனைந்து நின்றது. இந்தக் கதைகளை அவரே கொஞ்சம் பெருமையோடுதான் சொல்வார்.

போன ஆண்டு கடைத்தெருக்காரர்கள் பேருந்து அமர்த்தி ஃபூஜி மலை பார்க்கப் போனபோது அந்தப் பெருமை குறைந்தது. ஏரிக்கரையில் இரண்டு நாளும் மழை. மலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒன்றுமில்லை. டோஃபு கடை கியோ அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. ஃபூஜியை அதுவரை பார்த்ததே இல்லை. மழையங்கிக்குள் நின்று, "மலை எங்க ஓடிடப் போகுது" என்று சிரித்தார். முகாய்க்கு அன்று இரவுச் சாப்பாடு என்னவென்று இன்றும் நினைவில்லை.

இந்த ஆண்டும் அதே பயணம். கியோவுக்கு அடுத்த மாதம் முழங்கால் அறுவை சிகிச்சை. அதன்பின் ஒசாகாவில் மகள் வீட்டோடு போய்விடுவார். வருகிறவர்கள் கையெழுத்துக்குப் பதில் பெயர் முத்திரை வைக்க வேண்டிய அட்டையை மீன்கடை தோபாஷி கொண்டுவந்தார்.

"நீங்க இல்லாமலா அண்ணே? கட்டாயம் வரணும்." சொல்லும்போதே தோபாஷியின் கண் வானத்துக்குப் போய்வந்தது. வரவேண்டாம் என்று அந்தத் தெருவில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

முகாய் முத்திரையை எடுத்தார், ஊதினார், மறுபடி இழுப்பறையில் போட்டார். "அன்னிக்கு எனக்கு ஃபுக்குயில வேலை இருக்குப்பா."

"அப்படி என்ன வேலை?"

"ஃபூஜி கெழக்க. ஃபுக்குய் மேக்க. நான் அங்க போனா அது எம் பின்னாடியே வந்துரும்."

"அட! மழையவே கடத்திட்டுப் போறீங்களா?"

"கியோ அக்காகிட்ட மூச்சு விடாத. தெரிஞ்சா என்னையும் இழுத்து வண்டியில போட்ருவாங்க."

பேருந்து ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள், அந்தத் திங்கட்கிழமை, ஃபுக்குயில் வெயில் கொளுத்தியது. மலையடிவாரக் கோயிலுக்கு எதிரே சோபா எனும் நூடுல்ஸ் விற்கும் கடையில் உட்கார்ந்த முகாயிடம் கடைக்காரப் பெண், "நல்ல நாளாப் பாத்து வந்திருக்கீங்க" என்றார். முள்ளங்கித் துருவல் போட்ட குளிர்ந்த நூடுல்ஸ், அவருக்கு உயிர், பாதித் தட்டோடு நின்றது. பத்து மணிக்கு தோபாஷி அழைத்தார். "மலையோட இடுப்பு வரைக்கும் மேகம் மூடியிருக்கு அண்ணே. அக்கா கரையில நாற்காலி போட்டு உக்காந்துட்டாங்க. பதினொண்ணுக்கு பஸ்ஸ எடுத்துருவான்."

முகாய் நாலு தடவை வெளியே போய் வானத்தைப் பார்த்தார். நாலு தடவையும் நீலம்.

பத்தே முக்காலுக்குத் தகரக் கூரையில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு பத்து. கடைக்காரப் பெண் காயப்போட்ட துணிகளை அள்ள ஓடினார். மறுபடி அடித்த தொலைபேசியில் ஒரே கூச்சல், அதற்கு நடுவே தோபாஷி, "வெலகிருச்சு அண்ணே! உச்சி தெரியுது! அக்கா நாற்காலிய விட்டு எந்திரிச்சே நின்னுட்டாங்க."

"ஐயோ, நனைஞ்சிருவீங்களே, கதவச் சாத்துங்க" என்று துணிமூட்டையோடு கத்தினார் கடைக்காரப் பெண். முகாய் எழுந்து போய்க் கதவை முழுதாகத் தள்ளித் திறந்து, ஓரமாக ஒதுங்கி, முதல் வாடிக்கையாளரை அழைப்பதுபோல இடுப்பு வளையக் குனிந்து, மழைக்கு உள்ளே வழிகாட்டிக் கையை நீட்டினார்.