இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒரே கேபிள்

டெல்லியில் ஒரு மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் பழைய பெட்டி ஒரு கட்டிடத்தில் இருந்தது; நகலுக்கான புதிய பெட்டி எதிர்க் கட்டிடத்தில். நகலெடுக்க மட்டும் தனி கேபிள் கேட்டிருந்தேன்.

"இருக்கிற கேபிள்லயே எல்லாம் ஜல்தியா ஓடுதே, பையா. தனியா எதுக்கு?" என்று சிரித்தார் நம் ஊர்க்காரரான நிர்வாக அதிகாரி.

ஒரு நாள் காலை பழைய பெட்டி பழுதாகத் தொடங்கியது. பதறி நகலெடுக்க ஆரம்பித்தேன். வார்டுகளுக்கும் அதே கேபிள்தான் என்பதால் எல்லாம் நெரிசலில் நின்றது. அவசரப் பிரிவு நர்ஸ் ஸ்டெல்லா போன் செய்தார்.

"தலையில அடிபட்டு ஒரு அம்மா வந்திருக்காங்க சார். ஸ்கேன் திறக்காம சுத்திக்கிட்டே இருக்கு."

"நகல் ஓடுது சிஸ்டர். நிறுத்தினா பழைய படமெல்லாம் போயிடலாம்."

"அச்சா, அப்ப இந்தம்மா போகட்டுமா?"

நிறுத்தினேன். படம் திறந்தது. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் நகலை மறுபடி தொடங்குவதற்குள் பழைய பெட்டி அடங்கிவிட்டது.

இப்போது தனி கேபிள் போட்டுவிட்டார்கள். அன்று அழிந்த படங்கள் யார் யாருடையவை என்று எனக்குத் தெரியாது. அவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் பழைய ஸ்கேனைக் கேட்கும்போதுதான் தெரிகிறது.