ஆயுத பூஜைக்குக் கழுவிய தட்டுகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஒரு கல்லூரியில் நான் ஆராய்ச்சி மாணவி. ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்வருவேன். கொள்ளிடக்கரை வாழைக்கொல்லை மண்ணிலிருந்து, பாக்டீரியாவைக் கொல்லும் ஒரு வைரஸைப் பிரித்தெடுத்திருந்தேன். கண்ணாடித் தட்டில் பாலாடை மாதிரி பாக்டீரியா படரும். வைரஸ் கொன்ற இடமெல்லாம் ஓட்டை விழும். அந்த ஓட்டைகள்தான் என் உழைப்பு மொத்தமும்.

அதன் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்க இங்கே வசதி ஏது? வெளியூர் ஆய்வகம் ஒன்று என் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, அனுப்புங்கள், படித்துத் தருகிறோம் என்றது. அன்றைக்கு அது குதிரைக்கொம்பு.

அந்த நேரம் பார்த்து ஆயுத பூஜை வந்தது. லேப் பளபளவென்று இருக்க வேண்டும் என்று என் பேராசிரியர் உத்தரவு போட்டுவிட்டார். நானோ அக்கா பிரசவத்துக்குத் துறையூர் போயிருந்தேன். திரும்பி வந்தால் மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம், பிரிட்ஜுக்குப் பூச்சரம். என் தட்டுகளைக் காணோம்.

லேப் அட்டெண்டரைக் கேட்டேன். நல்ல மனுஷன்தான்.

"ஓட்டை ஓட்டையா அரிச்சுக் கிடந்துச்சுங்கம்மா. கெட்டுப்போச்சுன்னு கழுவிட்டேன். நல்லா இருந்ததெல்லாம் பத்திரமா வச்சிருக்கேன்."

பிரிட்ஜில் இருந்த டியூப்களுக்கும் அதே கதி. வைரஸ் வேலை செய்தால் பாக்டீரியா வளர்ந்த கலங்கல் தெளிந்துவிடும். தெளிந்ததையெல்லாம் வெறும் தண்ணீர் என்று கொட்டிவிட்டார். வைரஸே இல்லாத கலங்கல் டியூப்கள் மட்டும் குங்குமப் பொட்டோடு வரிசையாக நின்றன.

அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? எதைத் தொடக்கூடாது என்று சொல்லாத பேராசிரியரைத் திட்டவும் முடியாது. என் தீசிஸில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்.

மறுபடி அதே கொல்லைக்குப் போய், முழங்கால் சேற்றில் நின்று மண் அள்ளினேன். ஒரு வழியாக ஒரு வைரஸ் கிடைத்தது. ஓட்டையும் அதே மாதிரிதான். நடந்ததை மறைக்காமல் ஆய்வகத்துக்கு எழுதினேன். முன்பு சொன்ன அதே வைரஸ்தான் என்று உறுதி தந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. முதலாவதைத்தான் யாருமே படிக்கவில்லையே, எதோடு ஒப்பிட்டு உறுதி தருவது!

பேராசிரியர் அசரவில்லை. "ஆமான்னு எழுதிக் குடுத்துடும்மா. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்கே தெரியாதே சார். அதைத் தெரிஞ்சுக்கத்தானே நாய் படாத பாடு படறேன்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

தெரியாது என்றே எழுதிப் போட்டேன். மரபணு படித்துத் தர ஆய்வகம் எங்களுக்கு வைத்திருந்த இடம் வேறொரு கல்லூரிக்குப் போனது. மண்ணிலிருந்து எடுத்து வளர்த்தவள் நான். அது என்ன வைரஸ் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.