எண்ணெய் குடித்த ஓடுகள்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பின் சுண்ணாம்புத் தொட்டியில் பதினான்கு வருஷம் நின்றவர் ஆபித் பாஷா. ஆட்டுத்தோலில் இருந்து மயிரும் கொழுப்பும் விடுவதற்காக அதைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு, நாள்தோறும் இறங்கிப் புரட்டிப் போடுவார்கள். அந்த வேலையில் அவருடைய இரண்டு கைகளும் வெந்துபோயின. விரல் இடுக்குகளில் சதை தெரிந்தது. சோற்றைப் பிசைய முடியாமல் மனைவி ஹலீமா பீ உருட்டிக் கொடுத்துத்தான் சாப்பிட்டார். "இனிமே அந்தச் சனியன் பக்கம் போகாதீங்க" என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். அப்படித்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டில் ஜோலார்பேட்டைக்குக் குடிவந்தார்கள். அங்கே ரயில்வே உத்தியோகஸ்தர்களின் கிளப்பில் டென்னிஸ் களத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது.

மண் போட்ட களம் ஒவ்வொரு மழைக்கும் கரைந்துபோகிறது என்று முன்பு யாரோ ஒரு எஞ்சினியர் துரை சிவப்புச் சதுர ஓடு பதித்துவிட்டுப் போயிருந்தார். ஆறாயிரத்துக்கு மேல் ஓடுகள். காலையில் பெருக்க வேண்டும். இணைப்புகளில் முளைக்கும் புல்லைக் கத்தி நுனியால் கெல்ல வேண்டும். ஐப்பசி பிறந்தால் ஏலகிரிப் பக்கமிருந்து வரும் மழைக்குப் பாசி பிடிக்கும். மணலும் தென்னைமட்டையும் கொண்டு ஒவ்வொரு ஓடாகத் தேய்க்க வேண்டும். ஒரு மூலையில் இருந்து தேய்த்துக்கொண்டு மறுமூலைக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் மூலை பச்சையாகிவிடும். முழங்கால் தேய்ந்தது, முதுகு வளைந்தது. ஆனால் கைகள் ஆறின. அது போதும் என்று இருந்தார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் வருஷம் மதராஸிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வருவதாகச் செய்தி வந்தது. கிளப்பின் குமாஸ்தா கோதண்டராமன் இரண்டு டின் எண்ணெயும் ஒரு மூட்டை காவியும் கொண்டுவந்து இறக்கினார்.

"பாய், இதக் கலந்து களம் பூரா பூசிடு. வர்றவரு கண்ணுக்குப் பளபளன்னு இருக்கணும்."

"வேணாங்க அய்யா. ஓடு எண்ணெ குடிச்சிதுன்னா காலு நிக்காது."

"உன்ன யாரு கேட்டா? சொன்னதச் செய்."

பூசினார். களம் பளபளத்தது. அதிகாரி பார்த்துச் சந்தோஷப்பட்டார். மறுநாள் மாலை விளையாட இறங்கிய ஓர் இளம் எஞ்சினியர் பந்துக்கு ஓடி வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டார்.

கிளப்பின் காரியதரிசியான வெள்ளைக்காரத் துரை ஆபித் பாஷாவைக் கூப்பிட்டு விசாரித்தார். துரை இங்கிலீஷில் கேட்டதைக் கோதண்டராமன் தமிழில் சொன்னார். ஆபித் பாஷா நடந்ததைச் சொன்னார். அதைக் கோதண்டராமன் இங்கிலீஷாக்கினார். துரையின் முகம் சிவந்ததைப் பார்த்ததுமே, தான் சொன்னது அங்கே போய்ச் சேரவில்லை என்று ஆபித் பாஷாவுக்குப் புரிந்தது.

"மூணு வாரத்துல எண்ணெய எடுக்கணுமாம். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குவாராம்" என்றார் கோதண்டராமன், முகத்தைப் பார்க்காமல்.

மணல் போட்டுத் தேய்த்தார். சாம்பல் போட்டார், சவக்காரம் கரைத்து ஊற்றினார். காலையில் காய்ந்து கிடக்கும் ஓடு, உச்சி வெயிலில் மறுபடி எண்ணெய் கக்கியது. ஆறு நாள் இப்படிப் போயிற்று. கொழுப்பை உள்ளேயிருந்து இழுப்பது எது என்று அவருக்கு முதல் நாளே தெரியும். தெரியாத மாதிரி இருந்து பார்த்தார். ஏழாம் நாள் சூளைக்குப் போய்ச் சுண்ணாம்பு கொண்டுவந்து தண்ணீர் விட்டு நீற்றினார்.

ஹலீமா பீ வாசனையிலேயே கண்டுகொண்டாள். பழைய புடவையைக் கிழித்து அவர் கைகளில் சுற்றிவிட்டாள்.

சுண்ணாம்பில் தவிடு கலந்து கூழாக்கி, வரிசை வரிசையாக அப்பி, ஈரச் சாக்கால் மூடுவார். மறுநாள் அது எண்ணெயை உறிஞ்சி மஞ்சளாகக் கிடக்கும். சுரண்டிக் கழுவிவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்வார். துணி மூன்றாம் நாளே ஊறிப்போய்ச் சதையோடு ஒட்டிக்கொண்டது. பிறகு சுற்றிக்கொள்ளவில்லை. விரல் இடுக்குகள் பழையபடி வெடித்தன.

ஒரு மத்தியானம் துரை தனியாக வந்து நின்றார். ஓட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அந்தக் கைகளைப் பார்த்தார். வடக்கே லாகூர்ப் பக்கம் வேலை பார்த்தவர் போலும்; தட்டுத் தடுமாறி இந்துஸ்தானியில், "இதைப் பூசச் சொன்னது யார்?" என்று கேட்டார்.

அது ஆபித் பாஷாவின் வீட்டுப் பாஷை. இத்தனை வருஷமாக இந்த ஆளோடு நேராகப் பேசியிருக்கலாம். ஆபீஸ் வாசலில் கோதண்டராமன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்கு இந்தப் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. பெயரைச் சொன்னால் அன்றைக்கே அவர் பிழைப்பு போய்விடும். அவர் வீட்டில் கல்யாண வயதில் இரண்டு பெண்கள்.

"யாராக இருந்தால் என்ன சாகேப்" என்றார் அதே பாஷையில். "இனிமேல் இந்த ஓட்டின்மேல் எதுவும் என்னைக் கேட்காமல் போடக்கூடாது. என்றைக்கு விளையாடலாம், என்றைக்கு விளையாடக்கூடாது என்பதையும் நான் சொல்கிறேன். அது போதும்."

துரை தலையாட்டினார்.

அவர் போனதும் கோதண்டராமன் ஓடிவந்தார். உதடு காய்ந்திருந்தது. "துரை கிட்ட இன்னா சொன்னே பாய்?"

"ஓட்டப் பத்திச் சொன்னேன்."

"என்னப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லலீங்க. அந்தச் சாக்க கொஞ்சம் நனச்சுக் குடுங்க. குனிய முடியல."

கோதண்டராமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்கை நனைத்துக் கொடுத்தார்.

இருபதாம் நாள் களத்தில் எண்ணெய் இல்லை. கைகள் இந்த முறை முழுதாக ஆறவில்லை. வலது கையின் இரண்டு விரல்கள் மடங்கவே இல்லை. அப்புறமும் ஒன்பது வருஷம் அதே வேலையில் இருந்தார். மழை விட்ட மாலைகளில் மட்டையோடு வரும் துரைமார்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். "இன்னிக்கி வேணாம், ஈரம்" என்பார். திரும்பிப் போய்விடுவார்கள். அந்த நாட்களில் வலைக் கம்பத்தில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டிச் சற்று நேரம் கண்ணை மூடிக்கொள்வார்.