அன்ரோனெற் சேர்வரைப் படுக்க வைத்த வெள்ளிக்கிழமை

அன்ரோனெற் என் சின்னையா மகன் சூசைதாசனின் ஒரே பெட்டை. தாய் கீரிக்கரையில் இருந்து எங்கள் தோட்டவெளிக்குக் கலியாணம் கட்டி வந்தவள். தாயின் தமையன் வின்சன்ட்தான் இப்போது எங்கள் கோயில் மூப்பர்.

தொண்ணூறில் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனபோது அவளுக்கு ஆறு வயது. திரும்பி வந்து வவுனியாவில் கொம்பியூட்டர் படித்தாள். பிறகு கொழும்பில் ஒரு கம்பனியின் மிசின் அறையில் ஒன்பது வருடம். சூசைதாசன் பாரிசவாதத்தில் விழுந்ததும் வந்தவள் திரும்பிப் போகவில்லை. கலியாணமும் செய்யவில்லை.

கோயில் கந்தோரில் அவளுக்கு வேலை கிடைத்தது. கொழும்புக் கம்பனி கழித்துவிட்ட சேர்வர் கொம்பியூட்டர் ஒன்றை லொறியில் ஏற்றுவித்துக் கொண்டுவந்தாள். அந்த ஒரு மிசினுக்குள் மூன்று மிசினை ஓடவைத்தாள். ஒன்றில் ஞானஸ்நானப் பதிவு, ஒன்றில் மரண உதவிச் சங்கம், ஒன்றில் வாசிகசாலைப் புத்தகங்கள். ஒன்று பழுதானாலும் மற்ற இரண்டும் ஓடும். அந்த மூன்றையும் கட்டி மேய்க்கிற தலைமைப் புரோகிராம் மட்டும் நகத்தளவு பென்டிறைவ் ஒன்றில் இருந்தது. உள்ளே இருந்த இரண்டு டிஸ்க்கையும் முழுதாகப் பதிவுகளுக்கே விட்டிருந்தாள்.

பழைய ஞானஸ்நானப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, பெயர்களைத் தட்டி ஏற்ற ஏழு வருடம் போனது. அதற்குள் புத்தகங்களில் பாதி செல்லரித்து உதிர்ந்துவிட்டன. பிரதி எடுத்து வைத்த டிஸ்க் போன மாரியில் கூரை ஒழுகி நனைந்தது. புதியது கேட்டு அவள் எழுதிய கடிதம் மூப்பரின் மேசையில் மூன்று மாதமாகக் கிடந்தது. ஆக, ஊரின் பெயர்களில் பாதி அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தன.

தவக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை தூசு தட்டும்போது, மிசினுக்குப் பின்னால் பென்டிறைவ் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்ததைக் கண்டாள். மணி அடிக்கிற பேதுருவைக் கூப்பிட்டாள்.

"அண்ணை, இதில செருகிக் கிடந்த பென்னை ஆரும் எடுத்தவையோ?"

"சின்னக் கறுப்புத்தானே? நான்தான் எடுத்தனான், பிள்ளை. ஸ்பீக்கரில பாட்டுப் போட ஒண்டு தேவைப்பட்டது. அது சும்மாதானே கிடந்தது."

"அதில ஒண்டும் இருக்கேல்லையோ?"

"வெறுமையாத்தான் காட்டினது. அழிச்சுத் துப்புரவாக்கட்டோ எண்டு கேட்டது. ஓம் எண்டு அமத்தினன்."

கேட்டதற்கெல்லாம் ஓம் என்று சொல்லித் தப்பின காலம் ஒன்று எங்களுக்கு இருந்தது. பேதுரு அந்தக் காலத்து ஆள்.

"அதில இருந்துதான் அண்ணை இந்த மிசின் எழும்புறது."

"நான் எடுத்து நாலு நாளாய் ஓடுதே?"

"எழும்பினாப் பிறகு எல்லாத்தையும் தன்ர நினைவில வச்சுக்கொண்டு ஓடும். படுத்தால்தான் எழும்பாது."

பேதுரு யோசித்தார். "கல்லறையில கிடந்த லாசருக்கும் ஒருத்தர் வெளியில நிண்டு கூப்பிட வேண்டியிருந்ததுதான். அப்ப படுக்க விடாதையுங்கோ."

"சனிக்கிழமை எட்டு மணிக்குக் கறன்ட் நிப்பாட்டுகினம். பின்னேரம் ஐஞ்சுக்குத்தான் வரும். மிசினுக்குக் கீழ கிடக்கிற பற்றறி இருபது நிமிசம்தான் தாங்கும்."

மிசினின் நினைவில் இருந்த ஒழுங்குகளை எல்லாம் அன்ரோனெற் இரண்டு நாள் இருந்து கொப்பியில் எழுதினாள். உள்ளே ஓடுகிற எந்த மிசினுக்கு எந்த டிஸ்க், எந்த இலக்கம், என்ன பெயர். வியாழக்கிழமை மன்னாருக்குப் போய் பைறூஸின் கொம்பியூட்டர் கடையில் இரண்டு பென் வாங்கி வந்தாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு வின்சன்ட் கந்தோருக்கு வந்தார். "கறன்ட் நாளைக்குத்தானே நிக்கும்? இண்டைக்கு ஏன் நிப்பாட்டுறாய்?"

"நாளைக்கெண்டால் அது தானா விழும், மாமா. இண்டைக்கு நான் படுக்க வைக்கிறன்."

"எழும்பாட்டி?"

"உங்கட மேசையில கிடக்கிற கடிதத்தை அப்ப வாசியுங்கோ."

வின்சன்ட் கதிரையில் இருந்தார்.

அவள் மிசினை நிற்பாட்டினாள். மூடியைக் கழற்றி இரண்டு டிஸ்க்கினதும் வயரைப் பிடுங்கினாள். புதுப் பென்னில் புரோகிராமை ஏற்றும்போது, எதில் ஏற்றுவது, இருப்பதை அழிக்கட்டோ என்று மிசின் கேட்குமாம். "இனி என்னத்தையும் கேக்கட்டும். பிழையா ஓம் எண்டு அமத்தினாலும் அழிக்கிறதுக்கு உள்ளுக்கு ஒண்டுமில்லை" என்றாள்.

ஏற்றி முடிய நாலு மணி. திரும்ப நிற்பாட்டி, வயர்களைக் கொழுவி, எழுப்பி, கொப்பியில் இருந்த ஒழுங்குகளைத் தட்டி ஏற்றினாள். முதலில் வாசிகசாலை வந்தது. மரண உதவிச் சங்கமும் வந்தது. ஞானஸ்நானப் பதிவு வரவில்லை. கொப்பியை இரண்டு தரம் பார்த்தாள். ஒரு இலக்கத்தை மாறி அடித்திருந்தாள். அதைத் திருத்தினதும் அதுவும் எழும்பியது.

வாசலில் நின்ற பேதுருவின் பெயரைத்தான் முதலில் தட்டிப் பார்த்தாள். தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானத்தாய் பெயர், எல்லாம் நின்றன.

"அண்ணை, நீங்கள் பிறந்தது ஐப்பசி."

"அம்மா ஆவணி எண்டெல்லோ சொன்னவ?"

"ஞானஸ்நானம் குடுத்த சுவாமி ஐப்பசி எண்டு எழுதியிருக்கிறார்."

"அப்ப இரண்டு மாசம் இளமை" என்றுவிட்டு பேதுரு மணி அடிக்கப் போனார். சிலுவைப்பாதைக்கு ஸ்பீக்கரில் பாட்டுத் தொடங்கியது. பழைய கறுப்புப் பென்தான் பாடியது.

வின்சன்ட் தன் மேசைக்குப் போய் கடிதத்தைத் தேடி எடுத்து, அதிலேயே கையெழுத்து வைத்தார். அன்ரோனெற் இரண்டாவது பென்னிலும் அதே மாதிரி ஏற்றி, பூசைப் பாத்திர அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். மிசினில் செருகியிருந்த பென்னின் மேல் பிளாஸ்ரர் ஒட்டி, "தொடாதே" என்று எழுதினாள்.

சனிக்கிழமை எட்டு மணிக்குக் கறன்ட் நின்றது. அவள் கந்தோரில் இல்லை. கீரிக்கரையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றாள்.