ஒன்பதாவது பெயர்

கன்ஜி மொகி இருபத்து மூன்று வருஷமாக ஒரே வீட்டுக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த வீட்டுக்குக் கூரை கிடையாது. டோக்கியோவின் மேற்கு ஓரத்தில், ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் ஐந்தாம் ஸ்டுடியோவில், ஒட்டுப்பலகையும் பெயிண்டுமாக நின்ற குடும்பத் தொடரின் வீடு அது. மொகி பின்வாசலைத் திறப்பார், மூட்டையைச் சமையலறையில் இறக்குவார், "எப்பவும்போல அரிசிங்க" என்பார், போய்விடுவார். மாதத்துக்கு இரண்டு முறை இந்த வேலை. மற்ற நாட்களில் சலவைக்கடையில் இஸ்திரி.

இருபது வயதில் நாடகம் என்று நீகாதாவிலிருந்து கிளம்பி வந்தவர். இயக்குநர் ஹராகுச்சி தன்னைத் தேர்ந்தெடுத்த காரணத்தை மனைவி சுமியேயிடம் பெருமையாகச் சொன்னார்: "என் முகம் கண்ணை உறுத்தாதாம்." ஹராகுச்சி சொன்னது சரியாக அப்படி அல்ல. "எடுத்துட்டா ஓட்டை தெரியாத முகம்" என்றுதான் சொன்னார். மொகிக்கு அது நன்றாகவே கேட்டிருந்தது.

ஸ்டுடியோவுக்கென்று ஒரு பேச்சு உண்டு. ஃபிரேமுக்குள் ஒரு பொருள் வேண்டாம் என்றால் 'எடு' என்று சொல்வதில்லை, 'சிரி' என்பார்கள். "அந்தக் கெண்டி, சிரிங்க" என்று குரல் வந்தால் யாராவது ஓடிப்போய்க் கெண்டியைத் தூக்கிவிடுவார்கள். மனிதருக்கும் அதே சொல்தான். "பின்னாடி நிக்கிற அரிசிக்காரர், சிரிங்க" என்று ஹராகுச்சி முதன்முதலாகச் சொன்னபோது மொகி நிஜமாகவே பல்லைக் காட்டினார். ஒளிப்பதிவாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தக் கதை இரண்டு வருஷம் கேன்டீனில் ஓடியது. அதற்குப் பிறகு அந்தச் சொல் காதில் விழுந்தாலே மொகியின் கால் தானாக நகரும்.

தொடர் முடியப்போகிற மாதத்தில் உதவி இயக்குநர் நாகசே சலவைக்கடைக்குப் போன் செய்தாள்.

"மொகி அண்ணே, பத்திரிகைக்காரங்க வீட்டுக்குள்ள வச்சு ஒரு படம் எடுக்கறாங்க. முதல் நாள்லேர்ந்து இருக்கறவங்க ஒன்பது பேரு. நீங்களும் உண்டு."

"நான் பின்வாசல்ல நிக்கணுமா?"

"இல்லண்ணே. பாய் மேல, எல்லாரோடயும் உக்காரணும்."

அரிசிக்காரர் செருப்பைக் கழற்றுவதில்லை. அதனால் இத்தனை வருஷத்தில் அவர் சமையலறையைத் தாண்டி வீட்டுக்குள் போனதே இல்லை. சுமியே புதுக் காலுறை வாங்கி வந்தாள். பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை செய்பவள், தொடரை ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தவள்.

"டி.வி.ல உங்க முழங்கையத்தான் பாத்தேன். இதுலயாவது முழு ஆளப் பாக்கலாம்," என்றாள். தெருவில் எல்லோருக்கும் சொன்னாள். புத்தகக் கடையில் ஆறு பிரதி எடுத்து வைக்கச் சொன்னாள். வாழ்க்கையில் மொகி எதையும் அவளிடம் காட்டியதில்லை. இந்த ஒரு படம் அவருக்கு வேண்டியிருந்தது.

படம் எடுக்கும் காலையில், பத்திரிகைப் பெண் உட்கார்ந்த வரிசைப்படி பெயர்களைக் குறித்துக்கொண்டாள். மொகியிடம் நோட்டை நீட்டி, "எழுதிக் குடுங்க, தப்பா போட்டுடக் கூடாது" என்றாள். முதலில் எழுதியது கோணிவிட்டதால் அவர் இன்னொரு முறை எழுதினார். இருபத்து மூன்று வருஷமாக அவர் கொண்டுவரும் அரிசிக்கு நன்றி சொல்லிவந்த, தொடரின் அம்மா நடிகை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க...?"

"அரிசிங்க."

"ஓ. அந்த ஏப்ரன் இல்லாம தெரியல."

மொகி வலது ஓரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். புகைப்படக்காரர் இளைஞர், கல்யாணப் பெண்களைப் படமெடுத்துப் பேர் வாங்கியவர், தொலைக்காட்சி ஸ்டுடியோவுக்குள் வருவது இதுவே முதல் தடவை. நாலைந்து எடுத்துப் பார்த்தார். திருப்தி இல்லை.

"வலது ஓரத்துல இருக்கற ஐயா, சிரிங்க."

மொகி எழுந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் "மன்னிக்கணும்" என்றார், பாயிலிருந்து இறங்கினார், பின்வாசல் வழியாக வெளியே போனார். புகைப்படக்காரர் தலையை நிமிர்த்தியபோது இடம் காலி.

முதலில் மூத்த மகன் நடிகருக்குத்தான் புரிந்தது. "ஐயோ, சிரின்னாரு, போயிட்டாருப்பா" என்றார். அவ்வளவுதான். எட்டுப் பேரும் சரிந்து சரிந்து சிரித்தார்கள். அம்மா நடிகைக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தக் குடும்பம் அப்படி ஒன்றாகச் சிரித்ததை எந்த வாரமும் யாரும் பார்த்ததில்லை. புகைப்படக்காரர் விடாமல் அழுத்தினார்.

நாகசே பலகைக்குப் பின்னால் ஓடி வந்தாள். மொகி ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தார்.

"அண்ணே, அவரு வெளியாளு. உங்களை நிஜமாவே சிரிக்கத்தான் சொன்னாரு."

"அப்படியா? அப்ப உள்ள வரலாமா?"

"இருங்க, கேட்டுட்டு வரேன்."

அவர் மாட்டிய செருப்பைத் திரும்பக் கழற்றினார். ஒட்டுப்பலகை மெல்லியது, உள்ளே பேசுவது எல்லாம் கேட்டது.

"கூப்பிடலாம் சார். ஆனா இந்தச் சிரிப்பு திரும்ப வராது." இது புகைப்படக்காரர்.

"வலது பக்கம் கொஞ்சம் வெட்டிடு, சரியாப் போச்சு," என்றார் ஹராகுச்சி.

"அவரு வெளிலயே நிக்கிறாரு சார்," என்றாள் நாகசே.

"சாப்பாட்டுப் பெட்டி குடுத்து அனுப்பு. வீட்டுக்கும் ஒண்ணு குடு."

நாகசே இரண்டு பெட்டியோடு வந்தாள். மொகி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு குனிந்து வணங்கினார். மதியம் ஆட்கள் வந்து வீட்டைப் பிரித்தார்கள்.

அடுத்த பத்து நாளும் அவர் சுமியேயிடம் சொல்லவில்லை. அவளாகக் கேட்கட்டும், பொய் சொல்லமாட்டேன் என்று வைத்துக்கொண்டார். கேட்க அவளுக்குக் காரணமே இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். மௌனமாக இருப்பவனும் ஒன்றைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான்.

இதழ் வந்தது. எட்டு முகங்கள். கீழே இடமிருந்து வலமாக ஒன்பது பெயர்கள், கடைசியில் கன்ஜி மொகி. சுமியே விரலை வைத்து இரண்டு முறை எண்ணினாள்.

"என்னங்க, இதுல நீங்க எங்க?"

அப்போது சொன்னார். அவள் படத்தை மறுபடி பார்த்தாள்.

"நீங்க எழுந்து போனதுக்கா இப்படிச் சிரிக்கிறாங்க?"

"ஆமா."

"நல்லாத்தான் சிரிச்சிருக்காங்க."

எதிர்வீட்டுக்காரர் கடையில் வாங்கிப் பார்த்துவிட்டு வாசலிலேயே கேட்டார்: "மொகி-சான், படம் பிடிச்சது நீங்களா?" சுமியே ஆறு பிரதியையும் கட்டி, பழைய பேப்பர் வண்டி வரும் நாளில் வெளியே வைத்தாள்.

அடுத்த வார இதழைச் சீருடைக் கடையில் யாரோ கொடுத்தார்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் இருந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது அவள் அதை வாசித்தாள்: "சென்ற இதழின் குடும்பப் படத்தின் கீழே, படத்துக்குத் தொடர்பில்லாத ஒருவரின் பெயர் தவறாக இடம்பெற்றுவிட்டது. வருந்துகிறோம்."

வாசித்துவிட்டு மடித்து வைத்தாள்.

"மன்னிப்புக் கேட்டிருக்காங்க," என்றாள்.

மொகி கிண்ணத்திலிருந்து நிமிர்ந்தார். "எங்கிட்டயா?"

"இல்ல. வாசகருங்ககிட்ட."