தாரோ வீட்டில் உண்டவன்

தாரோ எனக்குச் சக்களத்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், "இந்த நோகாய்க்கு வயிற்றெரிச்சல், அதான் இப்படிப் பேசுறா" என்று யாராவது கிளம்புவீர்கள். வயிற்றெரிச்சல் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு யாருக்காகப் பொறாமைப்படுவது? ஒரே வீடு, ஒரே அடுப்பு, இரண்டு விதவைகள். அவளுக்கு ஒரே மகன் மாகெத். எனக்குப் பிள்ளை இல்லை. மாகெத்தைப் பாதி நான்தான் வளர்த்தேன். அடிக்கிற வேலை என்னுடையது, கொஞ்சுகிற வேலை அவளுடையது.

எங்கள் மீனவக் குப்பமான கெத்துந்தாரில் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல். நடுவில் இருக்கிற மணல்திட்டில் நாங்களும் எங்கள் ஆடுகளும் படகுகளும் நெருக்கியடித்துக் கிடக்கிறோம். சாப்பாட்டு வேளையில் வாசலைக் கடக்கிற எவனையும் "சாப்பிட வா" என்று கூப்பிடாத வீடு இங்கே கிடையாது. நாங்கள் கூப்பிடுவோம். அவனும் நெஞ்சில் கைவைத்து, "வயிறு நெறஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவான். மரியாதை முடிந்தது. தாரோவிடம் அது நடக்காது. அவள் தெருவில் இறங்கி, சட்டையைப் பிடித்து இழுத்து வந்து பாயில் உட்காரவைப்பாள். லாரிக்காரன், உப்பு மூட்டை தூக்குகிறவன், வழிதவறிய வெள்ளைக்காரப் பெண் என்று எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகத் தின்கிற எங்கள் பேசினில் கைவைக்காத சாதியே இல்லை.

"அக்கா, நமக்கே அரைவயிறு. இதுல ஊருக்கு வேற அன்னதானமா?" என்று கத்துவேன்.

"ஒன் வாய்க்கு வர்றது குறைஞ்சா எனக்கு நல்லதுதாண்டி. அப்பவாச்சும் சத்தம் குறையும்" என்பாள்.

மாகெத் போன பிறகு அந்தப் பழக்கம் அவளுக்குப் பைத்தியமாகவே ஆகிவிட்டது. பெரிய கப்பல்கள் வந்து கடலைத் துடைத்தெடுத்துவிட்டன. எங்கள் பையன்களின் வலையில் பாசியும் பிளாஸ்டிக் பையும்தான் ஏறின. ஒருநாள் விடியலில் ஸ்பெயினுக்குப் போகிற படகில் அவனும் ஏறிவிட்டான் என்று ஊரில் பேச்சு. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு போனும் இல்லை, சேதியும் இல்லை. மற்ற தாய்மார்கள் குறிகேட்க அலைந்தார்கள். தாரோ மட்டும் எங்கேயும் போகவில்லை. முன்பைவிடப் பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

"எம்புள்ள இப்ப எந்த நாட்டுல எவ வாசல்ல நிக்கிறானோ. நான் இங்க ஒருத்தனுக்குப் போட்டா அங்க ஒருத்தி அவனுக்குப் போடுவா. ஆண்டவன் இதுல ஏமாத்த மாட்டான்" என்பாள்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்கிற கணக்குதான். நான் மறுத்துப் பேசவில்லை. அந்த நம்பிக்கையில்தான் அவள் காலையில் எழுந்தாள், குளித்தாள், மார்க்கெட்டுக்கு நடந்தாள். அதைப் பிடுங்கிவிட்டு நான் எதைக் கொடுப்பது?

அன்றைக்கு அதிசயமாகக் களவா மீன் கிடைத்தது. நொய்யரிசியில் மரவள்ளி, கோஸ், கேரட் எல்லாம் போட்டு, புளி கரைத்து, எண்ணெய் மினுங்க மீன்சோறு இறக்கினாள். பேசினைப் பாயின் நடுவில் வைத்தோம். புருஷனின் தம்பி எலிமானும் வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் வாசலில் ஒருவன் நின்றான். முப்பது வயது இருக்கும். தொப்பியைக் கையில் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தான். பேச்சில் தெற்குக் கரையின் வாடை.

"தாரோ அம்மா வீடு இதுதானா?"

"இதுதான். செருப்பக் கழட்டிட்டு வா, சோறு ஆறுது."

"இல்லம்மா, ஒரு விஷயம் சொல்லணும்..."

"சோத்த வச்சுக்கிட்டு என்ன விஷயம்? மொதல்ல உக்காரு."

அவன் நின்றான். அவள் எழுந்துபோய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அவன் கையைக் கழுவும்போது தண்ணீர் ஊற்றியது நான்தான். கழுவிய கையையே மறுபடி மறுபடி கழுவினான். பசி மயக்கம் என்று நினைத்தேன்.

இரண்டு கவளம் போயிருக்கும். "அம்மா, எம்பேரு பாத்தே. ஒங்க வீட்டுக்கு எதுக்கு வந்தேன்னா..." என்று மறுபடி தொடங்கினான்.

"தம்பி, எங்க ஊர்ல விருந்தாளி சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் யாரும் சேதி கேக்க மாட்டோம், சொல்லவும் விடமாட்டோம். ஒங்க ஊர்ல எப்படி?" என்றார் எலிமான்.

"எங்க ஊர்லயும் அப்படித்தாங்க ஐயா."

"அப்புறம் என்ன? ஒன் பக்கத்து சோறு அப்படியே கிடக்கு பாரு."

நானும் என் பங்குக்கு, "அக்கா சமையல் புடிக்கலன்னா சொல்லிடு தம்பி, நான் சந்தோஷப்படுவேன்" என்றேன். எல்லோரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. தாரோ களவாவின் கன்னச் சதையை விரலால் பிய்த்து அவன் முன்னால் வைத்தாள். அந்தக் கன்னச் சதைக்கு மாகெத் சிறுவயதில் என்னோடு மல்லுக்கு நிற்பான். வீட்டில் வேறு யாருக்கும் அதை அவள் தந்ததே இல்லை.

"தின்னு கண்ணு. எம்மவன் வயசுதான் ஒனக்கும்."

அவன் அதை வாயில் போட்டுக்கொண்டான். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மிளகாய்க் காரம் என்று அவள் தண்ணீர் கொடுத்தாள். பிறகு சட்டி அடியில் பிடித்த காந்தலையும் சுரண்டிப் போட்டாள். போடப்போட அவன் தின்றான். பேசின் காலியாகி, கை கழுவி, தேநீர்க் கெண்டியை நான் கரியடுப்பில் வைத்த பிறகுதான் எலிமான் "இப்பச் சொல்லு" என்றார்.

"மாகெத் போன படகை ஓட்டுனவன் நான்தான்."

அவன் தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனான். எஞ்சின் நின்றுபோனது. காற்று படகை வெளிக்கடலுக்குத் தள்ளியது. முதலில் பிஸ்கட் தீர்ந்தது, அப்புறம் தண்ணீர். மாகெத் கடல் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்தான், தடுத்தும் கேட்கவில்லை. தொழுகை வைத்துத் துணி சுற்றித்தான் உடலைக் கடலில் இறக்கினார்கள். பிழைத்தவர்களை ஒரு கப்பல் ஏற்றிக்கொண்டது. செத்தவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாக இவன் நடந்துகொண்டிருக்கிறான்.

"பசிச்சுதா அவனுக்கு?" என்று கேட்டாள் தாரோ.

பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம் பாவி. "பசின்னுதாம்மா சொல்லிக்கிட்டே இருந்தான். ஒங்க சோத்தப் பத்தியே பேசுனான்" என்றான்.

எலிமான் சுவரில் சாய்த்திருந்த துடுப்பை எடுத்துவிட்டார். "ஏத்திக்கிட்டுப் போயிக் கொன்னுட்டு, இங்க வந்து வயிறு முட்டத் தின்னியாடா நாயே!"

தாரோ குறுக்கே நின்றாள். "தம்பி, துடுப்பக் கீழ போடு. என் சோறு இன்னும் அவன் வயித்துல இருக்கு. என் வீட்டுச் சோத்தத் தின்னவன்மேல என் வீட்டுல கை விழக்கூடாது. திட்டுகூட விழக்கூடாது."

"அண்ணி, அவன் ஒங்க புள்ளையக் கொன்னவன்!"

"தெரியுது. காது செவிடில்ல." பிறகு அவனைப் பார்த்தாள். "நான் ஒன்ன இன்னைக்கு ஒன்னும் சொல்ல முடியாது. நாளைக்கு இதே நேரத்துக்கு வா. வெறும் வயித்தோட வா."

அவன் வரமாட்டான் என்றார் எலிமான். எந்தக் கிறுக்கன் வருவான் என்று நானும் நினைத்தேன். அன்று இரவு முழுக்க அவள் அழவில்லை. அழுதது நான்தான்.

மறுநாள் எல்லாம் வழக்கம்போல் செய்தாள். மீன் வாங்கினாள், சோறு இறக்கினாள், பேசினை வைத்தாள். நாங்கள் உட்கார்ந்தபோது பாத்தே வாசலில் வந்து நின்றான். உதடு வறண்டிருந்தது. சொன்னபடி வெறும் வயிற்றோடுதான் வந்திருக்கிறான் என்று பார்த்ததும் தெரிந்தது.

தாரோ அவனை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு பேசினுக்குத் திரும்பி ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டாள். கூப்பிடவில்லை. ஊரில் நாய்க்குக்கூட நடக்காத காரியம். எத்தனை வருஷம் இவளைத் திட்டியிருக்கிறேன், தெருவையெல்லாம் கூப்பிடாதே என்று! இப்போது "வா தம்பி..." என்று என் வாய் தானாகத் திறந்துவிட்டது. அவள் சோற்றுக் கையாலேயே என் வாயைப் பொத்தினாள். எண்ணெயும் பருக்கையும் என் முகமெல்லாம் ஒட்டின.

அவன் வெயிலில் நின்றான். சோற்று வாசனை அவனிடம் போய்க்கொண்டிருந்தது. ஒருமுறை எச்சில் விழுங்கினான். தாரோ அவசரப்படாமல், தன் பக்கத்துச் சோற்றைக் கடைசிப் பருக்கை வரைக்கும் தின்றாள். கை கழுவினாள். எழுந்து வாசலுக்குப் போனாள். தாய் விடுகிற சாபம் ஏழு தலைமுறைக்கும் என்பார்கள். அதைக் கேட்கப் பயந்து நான் காதைப் பொத்திக்கொண்டேன். ஆனாலும் கேட்டது.

"பசிக்குதா?"

"பசிக்குதும்மா."

"சரி, போ."

அவன் போனான். அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். இப்போதெல்லாம் இரண்டு பேருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் உலை வைக்கிறாள். மதியச் சாப்பாடு முடிகிறவரைக்கும் எங்கள் வீட்டுக் கதவு திறப்பதில்லை.