நாற்பது தாண்டிய அக்கா

என் மனைவியின் தங்கைக்கு உலகப் பரிசு கிடைத்தது. நாற்பது வயதுக்குள் இருக்கும் கணித மேதைகளுக்கு மட்டும்தான் கொடுப்பார்களாம். செய்தி வந்த அன்று எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

என் மனைவியும் கணக்குப் படித்தவள்தான். பொறியியல் கல்லூரியில் அதே பாடத்தை வருடா வருடம், கடைசி பெஞ்சுக் கொட்டாவிகளுக்கு நடுவே நடத்துகிறாள். வயது நாற்பத்தொன்று. ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டது யாருக்காக என்ற பேச்சு வந்தால் நான் என் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கிளம்பிவிடுவேன்.

"மேடம், அது உங்க தங்கச்சியாமே! வீட்ல எல்லாருக்கும் கணக்கு வருமா?" என்று கல்லூரியில் ஆளாளுக்குக் கேட்டார்கள். இவளுக்கு வயிறு எரிந்தது. வேறு யாராவது என்றால் புறம் பேசி ஆற்றிக்கொள்வார்கள். இவள் தங்கைக்குப் பரிசு வாங்கித் தந்த கட்டுரையை அச்செடுத்து, சிவப்புப் பேனாவோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டாள்.

கணக்குக்காரர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எழுதச் சலிப்பாக இருக்கும் இடத்தில் 'இது எளிதில் புலப்படும்' என்று போட்டுத் தாண்டிவிடுவார்கள். மாணவர்கள் அப்படிச் செய்தால் என் மனைவி இரக்கமில்லாமல் மதிப்பெண்ணை வெட்டுவாள். தங்கையின் கட்டுரை நடுவிலும் அந்த வரி இருந்தது. எவ்வளவு முட்டி மோதியும் இவளுக்கு அது புலப்படவில்லை. குறை தன் மூளையில் இல்லை, அங்கே நிரூபணமே இல்லை என்று தெரிந்த காலையில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எங்கள் கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை.

உடனே போன் போட்டாள். "அந்த வரிக்கு நிரூபணம் எங்கடி?"

"அது ஈஸிதானேக்கா..." என்று ஆரம்பித்த தங்கை பாதியில் நிறுத்திவிட்டாள். தாள் புரளும் சத்தம் வந்தது. பிறகு அழுகை. "வரலக்கா. அடுத்த மாசம் மேடையில இதைத்தான் விளக்கணும். எல்லார் முன்னாடியும் மானம் போயிடும்."

இதைக் கேட்கத்தானே இவள் தவம் கிடந்தாள்? ஆனால் வந்தது கோபம்.

"அழுது தொலைக்காத. நீ சொன்னது சரியாத்தான் இருக்கும், போற வழிதான் இல்ல. நான் பாக்குறேன்."

அதன் பிறகு அடுப்பு என் தலையில் விழுந்தது. அவள் பாலைப் பொங்கவிட்டாள், கல்லூரிக்கு மட்டம் போட்டாள், குளியலறைக் கண்ணாடியில் சோப்பால் எழுதினாள். கடைசியில் அந்த ஒற்றை வரி இருந்த இடத்தில் ஒன்பது பக்கம் வந்து நின்றது.

படித்துவிட்டுத் தங்கை அழைத்தாள். "அக்கா, மொத்தத்துல இதுதான் கஷ்டமான இடம். உன் பேரைச் சொல்லித்தான் மேடையில ஆரம்பிப்பேன். இதை நீ உன் பேர்ல தனியா வெளியிடு."

பக்கத்தில் நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மனைவிக்குக் கலங்கவில்லை.

"அது கிடக்கட்டும்," என்றாள். "நாப்பது வயசுக்குள்ளன்னு எவன்டி வச்சான்?"